வெறும் சட்டி

அடுத்த வீட்டு மாமியோடு கோப்பைச் சண்டை பிடித்து வென்றவர்கள் எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் இல்லை. நானும் தோற்றவள்தான்.

தன்னாமுனைக்குக் கிட்ட, வாவியைப் பார்த்த, ஒரு லொறி மட்டும் போகக்கூடிய சின்ன ஒழுங்கையில் நாங்கள் வாடகைக்கு வீடு எடுத்து வந்தோம். வந்த அன்று பின்னேரம், லொறியிலிருந்து சாமான் இறக்கி முடியவில்லை, வேலிக்கு மேலால் ஒரு கை நீண்டது. கையில் ஒரு பீங்கான் கோப்பை. கோப்பையில் கத்தரிக்காய்ப் பால்கறி.

"வீடு மாறின அண்டைக்கு ஆணம் காச்சிக்கொண்டு நிக்காத புள்ள. சோத்தை மட்டும் ஆக்கு" என்று ஒரு குரல் வந்தது. முகத்தைப் பிறகுதான் பார்த்தேன். மெலிந்து உயர்ந்த உருவம், கழுத்தில் செபமாலை, காதோரம் மட்டும் நரைத்த தலை.

நான் சித்தாண்டியில் பிறந்து வளர்ந்தவள். அயல் வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பதை எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. அடுத்த நாள் கோப்பையைக் கழுவி, அம்மா ஊறுகாய் போடக் கட்டித் தந்த தேசிக்காயில் கொஞ்சத்தைப் போட்டுத் திருப்பினேன். அதற்கடுத்த நாள் அதே கோப்பை கூனி இறால் சுண்டலோடு வந்து நின்றது. நான் அவித்த பயறு போட்டுக் கொடுத்தேன். அது மரவள்ளிக் கிழங்கோடு வந்தது. இப்படியே போய்வந்து போய்வந்து, கோப்பை விளிம்பில் இருந்த நீலப்பூ அழிந்துபோனது. "இந்தக் கோப்பைக்கு ஒரு கிழமையாவது லீவு குடுங்கோவன்" என்று எங்கட அவர் பகிடி பண்ணுவார்.

ஒருநாள் எனக்கும் அலுத்துவிட்டது. வீட்டில் போடுவதற்கு ஒன்றும் இல்லை என்றில்லை, சோம்பல். மாமி மத்தியானம் கண்ணயர்கிற நேரம் பார்த்து, கோப்பையை வெறுமையாக அவருடைய குசினிப் படியில் வைத்துவிட்டு வந்தேன். பொழுதுபட முன்னம் மாமி ஓடிவந்தார். செருப்புக்கூடப் போடவில்லை.

"வீட்டில ஆருக்கும் சுகமில்லையா புள்ள?"

"இல்லையே மாமி. ஏன்?"

"வெறுங்கோப்பையைக் கண்டன். பயந்துட்டன்."

சோம்பல் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தலையிடி என்று சொன்னேன். அதற்கும் ஒரு கோப்பை கொத்தமல்லித் தண்ணி வந்தது. அன்றிலிருந்து அந்தச் சண்டையில் நான் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

மாமியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எங்கேயாவது தன் பெயர் எழுதியிருந்தால் அழித்துவிட்டு வருகிற ஆள் அவர். கோயிலுக்கு உட்காரும் வாங்குகள் வாங்கிக் கொடுத்தவர்கள் முதுகுப் பலகையில் பெயர் பொறிப்பதைப் பார்த்து, "உக்காந்தா முதுகில குத்தாதோ?" என்று கேட்டவர். புருஷன் எப்போதோ இறந்துவிட்டார். மகன்மார் வெளிநாட்டில். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். சத்தம் போட்டுச் சிரித்துக் கதைப்பார், வைத்த பிறகு கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் சொல்ல வந்தது பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடே வரிசையில் நின்ற காலத்துக் கதை. உரப்பசளை கிடைக்காமல் வயல்வெளியில் வட்டை வட்டையாக நெல் பதரானது. படகுகள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. நான் வேலை செய்த கூட்டுறவுச் சங்கக்கடையில் தட்டுகளைத் தூசி தட்டுவதைத் தவிர வேறு வேலை இல்லை. பால்மா வந்திருக்கிறதா என்று கேட்டு வருகிற தாய்மாருக்கு இல்லை என்று சொல்லிச் சொல்லி, கனவிலும் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் மாதா கோயில். அதன் பின்பக்கம் இருந்த பழைய மறைக்கல்வி வகுப்பறையை ஃபாதர் உலருணவு அறையாக மாற்றினார். வெளிநாட்டில் இருக்கிற கோயில் பங்கு ஆட்கள் அனுப்பினார்கள், ரவுன் கடைத்தெருக்காரர்கள் மூட்டையாகத் தந்தார்கள், சோறு ஆக்கும்போது பிடியரிசி எடுத்து வைத்துப் பெண்கள் ஞாயிறு பூசைக்குக் கொண்டுவந்தார்கள். "சங்கக்கடையில சும்மாதானே கிடக்கிறாய், வா" என்று மாமி என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நான் சைவக்காரி, மாதா கோயிலுக்குள் எங்கே நிற்பது என்றே தெரியாது என்றேன். "அரிசி அள்ளுறதுக்கு ஞானஸ்நானம் தேவையில்ல" என்றார்.

தொடக்கத்தில் எல்லா இடத்தையும் போல வெள்ளைப் பைதான். பையில் கொடுத்தவர்களின் பெயர் சிவப்பு எழுத்தில் ஒட்டியிருக்கும். ஒருநாள் ரவுனிலிருந்து வந்த ஒரு கூட்டத்தார், பை வாங்குகிற ஒவ்வொருவரையும் பையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு போனைப் பார்க்கச் சொன்னார்கள். மாமி ஒரு பூசணிக்காயைத் தூக்கினார். ஒவ்வொரு படம் எடுக்கிற நேரமும் அந்தப் பூசணிக்காயோடு குறுக்கே போனார், வந்தார்.

"அம்மா, கொஞ்சம் தள்ளுங்கோ."

"தள்ளுறன் தம்பி. பூசணிக்காய் பாரம், கெதியா நடக்க ஏலாது."

அன்று அவர்கள் எடுத்துக்கொண்டு போன படங்களில் எல்லாம் மாமியின் முதுகும் ஒரு பூசணிக்காயும்தான் இருந்திருக்கும். நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் குந்தியிருந்து சிரித்தேன். மாமி சிரிக்கவில்லை.

அன்று எல்லாரும் போன பிறகு ஃபாதரிடம் சொன்னார். "பையோட றோட்டில போனா அது நிவாரணம் ஃபாதர். மூடி போட்ட சட்டியோட போனா அயல் வீட்டுக் கறி. பாக்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. எங்கட சனம் எதைக் கொண்டு போகவேணும், சொல்லுங்கோ."

ஃபாதர் இளம் ஆள். "சட்டிக்கு எங்க போறதம்மா?" என்றார்.

"அது என்ர பாடு."

கதவைப் பூட்டும்போது என்னிடம் மட்டும் இன்னொன்று சொன்னார். சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்தார்களாம். சோறு கொண்டு வாகனம் வந்ததும் எல்லாரும் ஓடினார்கள். மாமியின் அம்மாவிடம் ஏந்துவதற்கு ஒரு ஏனமும் இல்லை. "சீலைத் தலைப்பை விரிச்சுப் பிடிச்சவ புள்ள. சுடுசோறு. அதுக்குள்ள கொட்டினாங்கள்." அவ்வளவுதான் சொன்னார். பூட்டின திறப்பைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு நடந்தார்.

அடுத்த கிழமை முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கினோம். "கலியாணத்துக்கு வந்து அலுமாரிக்கு மேல நித்திரை கொள்ளுற சட்டியளைத் தாங்கோ" என்பது மாமியின் வேண்டுகோள். மூடி போட்ட சில்வர் சட்டிகள் வந்து குவிந்தன. சிலதில் மணமக்கள் பெயர் வெட்டியிருந்தது, சிலதில் கடைத் துண்டுகூட உரிக்கவில்லை. என்னுடைய கலியாணச் சட்டி ஒன்றையும் கொடுத்தேன். அதன் மூடிப் பிடி கழன்றுபோய், எங்கட அவர் ஒரு பெரிய ஆணியை முறுக்கி வைத்திருந்தார். அழகில்லை என்றேன். "பசிக்கு அழகு தெரியாது" என்று மாமி வாங்கிக்கொண்டார்.

பிறகு வரிசை என்பதே இல்லை. கோயில் வளவின் வாவிப் பக்கத்து வேலியில் இருந்த சின்னக் கடப்பால் ஒவ்வொருவராக, வேறு வேறு நேரத்தில், ஏதோ மாமியைப் பார்க்க வந்த மாதிரி வருவார்கள். மாமி பிளேன்ரீ கொடுப்பார், பிள்ளைகளை விசாரிப்பார். போகும்போது துணியால் கட்டிய சட்டியைக் கையில் வைப்பார். உள்ளே அரிசியும் பருப்பும் சீனியும். அடுத்த கிழமை சட்டி திரும்பி வரவேண்டும், அவ்வளவுதான் அவர் போட்ட சட்டம்.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி பாலத்தடியில் குடியிருந்த பெண். முப்பது வயது இராது. புருஷன் கொழும்புக்குக் கட்டட வேலைக்குப் போனவன், காசும் இல்லை, போனும் இல்லை. வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகளும் வயதான அப்பாவும். முதல் நாள் கடப்புக்கு வெளியே நின்றுகொண்டே கேட்டாள்.

"நாங்க வேதக்காரர் இல்ல மாமி. முருகனைக் கும்பிடுறனாங்க. எங்களுக்கும் தருவியளா?"

"முருகனுக்கும் பசிக்கிறேல்ல, மாதாவுக்கும் பசிக்கிறேல்ல. உனக்குத்தானே பசிக்குது? உள்ளுக்கு வாகா."

எனக்கு அப்போது மாமியைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. நானும் முருகனுடைய ஆள்தானே. அவளுக்குப் போனது என்னுடைய ஆணி மூடிச் சட்டி.

முதல் கிழமை முடிந்து சட்டிகள் திரும்பி வந்தபோது ஃபாதரையும் கூப்பிட்டுக் காட்டினார் மாமி. ஒன்றுகூட வெறுமையாக வரவில்லை. ஒன்றில் ஒரு பிடி கூனி. ஒன்றில் ஒரு முட்டை, உடையாமல் இருக்க உமிக்குள் வைத்திருந்தார்கள். ஒன்றில் செத்தல் மிளகாய், ஒன்றில் வெறும் உப்பு. என்னுடைய ஆணி மூடிச் சட்டியில் முருங்கையிலை, பழுப்பு ஒன்றும் இல்லாமல் ஆய்ந்து, வாழை நாரால் கட்டியிருந்தது.

"பாத்தியளா ஃபாதர்? இது பிச்சை இல்ல. இது கொடுக்கல் வாங்கல்" என்றார் மாமி. அவருடைய முகம் அப்படி மலர்ந்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. வந்த முட்டை இன்னொரு வீட்டுச் சட்டிக்குள் போனது. முருங்கையிலை, பிள்ளை பெற்றுப் படுத்திருந்த ஒருத்திக்குப் போனது.

பாலத்தடிப் பெண் ஒவ்வொரு கிழமையும் முருங்கையிலைதான் கொண்டுவந்தாள். "உன்ர வீட்டு முருங்கையிலைக்குத் தனி ருசி புள்ள. இன்னும் கொண்டுவா" என்று மாமி அவள் முகத்துக்கு நேரே சொல்வார். அவளும் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள். சந்தோஷத்தில் சிரிக்கிறாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

பிறகு சட்டிகள் குறையத் தொடங்கின. ஒன்று வரவில்லை, பிறகு இன்னொன்று. சட்டி வராத வீட்டு ஆளும் வரவில்லை. பங்குச்சபைச் செயலாளர் ஓய்வுபெற்ற மனுஷன், எதிலும் நட்டக் கணக்குப் பார்க்கிறவர். "நான் அப்பவே சொன்னன். சில்வருக்கு இப்ப நல்ல விலை. கடையில குடுத்திருக்குங்கள்" என்றார். மாமிக்கு அது சுட்டது. அவர்களுக்காகச் செயலாளரோடு சண்டை பிடித்தார். ஆனால் சட்டிகள் வராமல் வராமல், அவருக்கும் உள்ளே ஏதோ புளிக்கத் தொடங்கியது. பாலத்தடிப் பெண்ணும் வரவில்லை.

"நான் ஆரிட்டயும் ஒண்டும் கேக்கேல்லையே. சட்டியை மட்டும்தானே கேட்டனான். அதைக் கொண்டுவந்து தரவும் மனமில்லையா?" என்று அரிசி அள்ளிக்கொண்டே முணுமுணுப்பார்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்த கையோடு, கோயில் ஒலிபெருக்கியில் அறிவித்தல் போகவேண்டும் என்று மாமியே கேட்டார். ஃபாதருக்கு விருப்பமில்லை. "பேர் சொல்லப் போறேல்லையே ஃபாதர்" என்றார் மாமி. உலருணவு அறையில் சட்டி எடுத்தவர்கள் தயவுசெய்து திருப்பிக் கொண்டுவந்து தரவும் என்று செயலாளர் தன் கணீர்க் குரலில் வாசித்தார். எங்கள் கோயில் ஒலிபெருக்கி வாவிக்கு அக்கரையிலும் கேட்கும். பாலத்தடியில் கேட்காதா?

அடுத்த நாள் காலை நானும் மாமியும் கடப்பைத் திறக்கப் போனோம். கடப்படியில், வேலியோரமாக, சட்டிகள் இருந்தன. ஆள் ஒருவரும் இல்லை. விடியும் முன்னம் வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எல்லாம் சாம்பல் போட்டு மினுக்கி, மூடி போட்டு, துணியை மடித்து மேலே வைத்திருந்தார்கள். நான் ஒவ்வொரு மூடியாகத் திறந்தேன். எல்லாம் வெறுமை.

"பாருங்கோ மாமி, முகத்தைக்கூடக் காட்டாமல் வச்சிட்டுப் போயிருக்கிறாங்க" என்றேன். எனக்குக் கோபம்தான் வந்தது.

மாமி என் கையிலிருந்த மூடியை வாங்கினார். அந்த வெறும் சட்டிகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். என் வெறுங்கோப்பையைக் கண்டு செருப்பில்லாமல் ஓடிவந்த அன்றைக்கு இருந்த அதே முகம்.

"இது கோபம் இல்ல புள்ள" என்றார் கடைசியில். "இதுகளிட்ட போட ஒண்டும் இல்ல. அதுதான் வராம நிண்டிருக்குங்கள். நான்... நான் ஒலிபெருக்கியில சொல்லி..." குனிந்து ஒவ்வொரு சட்டியாகப் பார்த்தார். "உன்ர ஆணிச் சட்டி இதுக்குள்ள இல்ல. வா."

பாலத்தடி வரைக்கும் மாமி எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். அந்த வீட்டு வளவுக்குள் கால் வைத்ததும் நான் முதலில் பார்த்தது முருங்கை மரத்தைத்தான். மொட்டையாக நின்றது. கைக்கு எட்டுகிற கொப்பு, தடிக்கு எட்டுகிற கொப்பு எல்லாம் உருவியாகிவிட்டது. உச்சியில் மட்டும் கொஞ்சம் பச்சை.

அவள் வெளியே வந்தாள். எங்களைக் கண்டதும் திரும்பி உள்ளே ஓடினாள். வரும்போது கையில் சட்டி. தோய்த்த துணியில் சுற்றி வைத்திருந்தாள்.

"மாமி, நாங்க சட்டியைக் களவெடுக்கேல்ல."

"ஆரும்மா அப்பிடிச் சொன்ன?"

"இண்டைக்குக் கொண்டுவருவம், நாளைக்குக் கொண்டுவருவம் எண்டுதான் இருந்தன். மரத்தில ஒண்டும் இல்ல. தேசிக்காய் கேட்டன், ஒரு வீட்டிலயும் இல்ல. வெறும் சட்டியோட எப்பிடி மாமி வாற?"

மூத்த பிள்ளை தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதுதான் சொன்னது. "முருங்கையிலை மாமிக்காம். அம்மா எங்களுக்குக் காச்சித் தாறேல்ல."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாங்கள் கொடுத்த அரிசிக்கு முருங்கையிலை அவளுடைய நன்றி இல்லை. பிள்ளைகளின் வாயிலிருந்து எடுத்துத்தான் ஒவ்வொரு கிழமையும் எங்களுக்குத் தந்திருக்கிறாள். அதை இன்னும் கொண்டுவா என்று நாங்கள் கேட்டிருக்கிறோம். மரம் முடிந்ததும் அரிசியும் முடிந்துவிட்டது.

உள்ளே பாயில் அவளுடைய அப்பா படுத்திருந்தார். கண் திறந்துதான் இருந்தது. "அப்பா பசிக்கேல்ல எண்டு சொல்லித் தன்ர பங்கைப் புள்ளயளுக்குக் குடுத்திடுவார். சொன்னாக் கேக்கமாட்டார்" என்றாள். மாமி அந்த மண் நிலத்தில் அப்படியே குந்திவிட்டார். பிறகு என்னை ஓடிப்போய் அரிசி எடுத்துவரச் சொன்னார். தானே அடுப்பை மூட்டி, கஞ்சி காய்ச்சி, கிழவரின் தலையை மடியில் வைத்துக் கரண்டியால் ஊட்டினார். அவர் இரண்டு மூன்று வாய் குடித்துவிட்டுப் போதும் என்று கை காட்டினார். வெளிக்கிடும்போது அந்தப் பெண் மறுபடியும் சட்டியை நீட்டினாள்.

"அது உன்ர சட்டி. இனி ஒருநாளும் திருப்பத் தேவையில்ல" என்றார் மாமி.

அடுத்த நாள் ஃபாதர் தன்னுடைய வாகனத்தில் கிழவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மருந்து கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் அவர் போய்விட்டார். வயது என்று எல்லாரும் சொன்னார்கள். வயதும்தான். ஆனால் மாமியிடம் அப்படிச் சொன்னபோது அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலில் உள்ளவர்கள்தான் சோறு கொண்டுபோவார்கள். மாமி தானே ஆக்கி, தன் வீட்டுச் சட்டியில் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். சோற்றைப் பகிர்ந்த பிறகு அந்தப் பெண் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாறினாள். கண் குசினிப் பக்கம் போனது. மாமிதான் சொன்னார்.

"செத்த வீட்டிலயிருந்து சட்டி வெறுமையாத்தானே வரவேணும். ஒண்டும் போடக் கூடாது. குடு மகள்."

அவள் கொடுத்தாள். மாமி வெறும் சட்டியோடு நடந்தார். பாலம் தாண்டி, வாவிக்காற்று முகத்தில் அடிக்கிற இடத்தில் நின்றார்.

"அந்தப் புள்ள வெக்கமில்லாம ஒரு வெறுஞ்சட்டி திருப்பித் தாறதுக்கு, அந்த வீட்டில ஒரு சா விழவேண்டியிருந்திருக்கு புள்ள" என்றார்.

அந்தக் கிழமையோடு சட்டிகளை எல்லாம் கழுவித் துடைத்து, கோயில் திருநாள் சமையல் பாத்திரங்களோடு அடுக்கி வைத்தார். ஃபாதரிடம் போய்ப் பையே போதும் என்றார். "நீங்க நல்லதுக்குத்தானே செய்தியள் அம்மா" என்றார் ஃபாதர். "ஓம் ஃபாதர், என்ர அம்மாவுக்காகச் செய்தன். அதுகளுக்காகச் செய்யேல்ல" என்று மாமி சொன்னார். பைகள் வந்தன. பையில் ஒட்டியிருந்த பெயர்த் துண்டுகளை மட்டும் ஒவ்வொன்றாக உரித்து, அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டினார். அந்தக் கதவு இன்றைக்கும் ஊர்ப்பட்ட கடைப் பெயர்களோடு அப்படியேதான் இருக்கிறது.

பிறகு மாமி அரிசி அள்ள அறைக்கு வருவதில்லை. வந்தவர்களை நீ பார், வராதவர்களை நான் பார்க்கிறேன் என்றார். வெயில் மழை பாராமல், வராத வீடுகளைத் தேடி நடந்தார். குசினிக்குள் நேரே போய், அவர்களுடைய பானையிலேயே அரிசியைக் கொட்டிவிட்டு, கையை உதறிக்கொண்டு வந்துவிடுவார். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார். சிரிப்பு நின்றுபோனது. ஞாயிறு போனில் மட்டும் மகன்மாருக்காகக் கொஞ்சம் சிரிப்பார்.

என்னுடனான கோப்பைச் சண்டையை மட்டும் அவரால் விட முடியவில்லை. வயிற்றில் கட்டி என்று டொக்டர் சொல்லி, சாப்பாடு கஞ்சியாகச் சுருங்கிய பிறகும், நான் கொண்டுபோகிற கோப்பை வெறுமையாகத் திரும்பியதில்லை. ஒருநாள் கற்பூரவள்ளி இலை. ஒருநாள் பாதிச் சவர்க்காரக் கட்டி. ஒருநாள் மகன் அனுப்பிய சொக்லேட்டில் ஒரு துண்டு. "பேசாமல் இருங்கோ மாமி" என்றால் கேட்கமாட்டார். ஆளோடு சேர்ந்து வீடும் வற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் கட்டிலைவிட்டு எழும்ப முடியாமல் போனது. கஞ்சியில் பாதி குடித்தார். மிச்சத்தை நான் வெளியே ஊற்றிவிட்டு, கோப்பையைக் கழுவிக்கொண்டு வந்தேன். மாமியின் கை கட்டிலில் எதையோ தேடிக்கொண்டிருந்தது. தலகாணிக்குக் கீழே போனது. பக்கத்து ஸ்டூலில் தடவியது. மருந்துக் குளிசை, தண்ணிப் போத்தல், செபமாலை. செபமாலையை எடுத்தார், பார்த்தார், திரும்ப வைத்தார். கண் கலங்கிவிட்டது.

"விடுங்கோ மாமி. வெறுமையாத் தாங்கோ. நான்தானே?"

கை நின்றது. முகட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அவளும் இப்பிடித்தான் வீடு முழுக்கத் தேடியிருப்பாள், என்ன புள்ள?"

இல்லை மாமி என்று பொய் சொல்ல என்னால் முடியவில்லை. நான் வெறுங்கோப்பையோடு வீட்டுக்கு வந்து, குசினிக்குள் இருந்து அழுதேன். அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை.

மகன்மார் வந்து சேர்ந்தார்கள். கோயில் மணி அடித்தது. அடக்கம் முடிந்து வந்தபோது வீடு நிறையச் சனம், அடுப்பு மட்டும் அணைந்து கிடந்தது. ஒழுங்கைக்காரர்கள் சோறும் கறியுமாகக் கொண்டுவந்தார்கள். குசினியைப் பார்க்கிற பொறுப்பு என்னுடையது. பின்கடப்பால் யாரோ வருகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன்.

பாலத்தடிப் பெண். இப்போது ஏறாவூர்ப் பக்கம் தையல் வேலைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். இடுப்பில் ஒரு சட்டி. மூடியில் பிடிக்குப் பதிலாக ஒரு ஆணி. நான் அதைத் திறந்தேன். சோறு, அதன் மேல் ஒரு பக்கமாக முருங்கையிலைச் சுண்டல்.

"மரம் தளிர்த்திட்டு அக்கா" என்றாள்.

இரண்டு பேருமாகச் சனத்துக்குப் பகிர்ந்தோம். சுண்டலில் ஒரு வாய் நானும் சாப்பிட்டேன். சட்டி காலியானதும் கழுவப் போனேன், செத்த வீட்டில் கழுவுவதும் இல்லை என்று நினைவு வந்து நிறுத்தினேன். அதை அவளிடம் நீட்டுவதற்குப் பதிலாக, என் கை, பழக்கத்தில், அங்கேயும் இங்கேயும் போனது. தட்டில் பார்த்தேன், கூடையில் பார்த்தேன். மாமி வீட்டுக்கு வந்த சட்டியை ஒருநாளும் வெறுமையாக அனுப்பியதில்லையே.

"வேண்டாம் அக்கா" என்று அவள் என் கையைப் பிடித்தாள். "செத்த வீடெல்லோ. மாமிதானே எனக்குச் சொல்லித் தந்தவ. வெறுமையாத் தாங்கோ."

கொடுத்தேன். அவள் மூடியைப் போட்டு, சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு படி இறங்கினாள். போயிட்டு வாறன் என்று சொல்லவில்லை, செத்த வீட்டில் அதுவும் சொல்வதில்லை. கடப்பைத் தாண்டி, வாவிக்கரை வழியே, எல்லாரும் பார்க்க, தலையைக் குனியாமல் அந்த வெறும் சட்டியோடு நடந்து போனாள்.